"கத்திட்டேன்... அப்புறம் நானே அழுதுட்டேன்!" - மறதி நோயாளியைப் பராமரிப்பவர்களின் சொல்லாத பாரம்

இரவு மணி 2. வாசல் கதவின் தாழ்ப்பாளை யாரோ இழுக்கும் சத்தம் கேட்டு மருமகள் எழுந்து ஓடுகிறார். மாமியார் கிளம்பி நிற்கிறார். கையில் ஒரு மஞ்சப்பை. அதற்குள் ஒரு புடவை, ஒரு சீப்பு, பாதி தின்ற பிஸ்கட் பாக்கெட்.

"எங்க வீட்டுக்குப் போகணும். நேரமாச்சு. அம்மா தேடுவாங்க."

"இதுதான் அத்தை உங்க வீடு. வந்து படுங்க."

"நீ யாரு? என்னை ஏன் இங்க அடைச்சு வெச்சிருக்க?"

மாமியாருக்கு வயது 78. அவர் தேடும் அம்மா காலமாகி 40 வருடங்கள் ஆகின்றன. அந்த இரவில் இதே பேச்சு நான்கு முறை நடந்துவிட்டது. ஐந்தாவது முறை தாழ்ப்பாள் சத்தம் கேட்டபோது, மருமகளின் குரல் தெருவுக்கே கேட்டது. "செத்தாவது தொலைங்களேன்... என்னால முடியல!"

அந்த முதியவர் பயந்துபோய் சுவரோடு ஒண்டிக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் நடந்ததையே மறந்துவிட்டுத் தூங்கியும் போனார். விடியும்வரை தூங்காமல் கிடந்தது மருமகள்தான். தான் சொன்ன வார்த்தை அவர் காதிலேயே ஒலித்துக்கொண்டிருந்தது.

இது ஓர் உதாரணம்தான். ஆனால், டிமென்ஷியா எனப்படும் மறதி நோய் புகுந்த எந்த வீட்டிலும் இந்தக் காட்சியைக் கொஞ்சம் கூட்டியோ குறைத்தோ பார்க்கலாம். மருமகளின் இடத்தில் சில வீடுகளில் மகள் இருப்பார். சில வீடுகளில் 80 வயது மனைவியைப் பார்த்துக்கொள்ளும் 84 வயது கணவர் இருப்பார். சில வீடுகளில் வேலையை விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பிய கடைசி மகன் இருப்பார்.

நோயாளிக்கு மருந்துச் சீட்டு இருக்கிறது. பார்த்துக்கொள்பவரின் கோபத்துக்கும் குற்ற உணர்வுக்கும் களைப்புக்கும் எந்தச் சீட்டும் இல்லை. "எப்படி இருக்காங்க?" என்று வருகிறவர்கள் எல்லோரும் கேட்பது நோயாளியைப் பற்றித்தான். "நீ எப்படி இருக்க?" என்று கேட்க ஆள் இல்லை.

13 பேரில் ஒருவர்

இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவிகிதம் பேருக்கு டிமென்ஷியா இருக்கலாம் என்று 2023-ல் வெளியான ஒரு தேசிய அளவிலான ஆய்வு மதிப்பிட்டது. அதாவது, ஏறத்தாழ 13 முதியவர்களில் ஒருவர். எண்ணிக்கையில் சொன்னால் சுமார் 88 லட்சம் பேர். இவர்களில் பெரும்பாலானவர்களைப் பார்த்துக்கொள்வது மருத்துவமனையோ இல்லமோ அல்ல, குடும்பம்தான். குடும்பம் என்று சொன்னாலும், நடைமுறையில் அது ஒரே ஓர் ஆள். அந்த ஆள் பெரும்பாலும் ஒரு பெண்.

நாம் மேலே பார்த்த மருமகள் வீட்டிலேயே தையல் மெஷின் வைத்து பிளவுஸ் தைப்பவர் என்று வைத்துக்கொள்வோம். முன்பு ஒரு நாளைக்கு நான்கு பிளவுஸ் முடித்துவிடுவார். இப்போது ஒன்று முடிப்பதே பெரும்பாடு. கத்தரியை எங்கே வைத்தாலும் மாமியார் எடுத்து ஒளித்து வைத்துவிடுகிறார். அடுப்பைப் பற்றவைத்துவிட்டு மறந்துவிடுகிறார் என்று சிலிண்டரையும் மூடியே வைக்க வேண்டியிருக்கிறது.

இத்தனையும் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்கவே முடியாதது, ஊரிலிருந்து நாத்தனார் வந்த அன்று நடந்தது. மாமியார் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு சொல்கிறார்: "எனக்கு இவ சோறே போடறதில்லடி."

அரை மணி நேரத்துக்கு முன்புதான் ரசம் சாதம் பிசைந்து ஊட்டியிருந்தார் மருமகள். நாத்தனார் எதுவும் சொல்லவில்லை. ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வை போதுமானதாக இருந்தது.

வேணும்னே செய்யறாங்களா?

பராமரிப்பவரின் கோபத்துக்கு அடியில் பெரும்பாலும் இந்தக் கேள்வி இருக்கும். "50 வருஷத்துக்கு முன்னாடி நடந்த கல்யாணத்துல என்ன சாம்பார்னு சொல்றாங்க. இப்ப சாப்பிட்டது எப்படி மறக்கும்? நடிக்கறாங்க."

நடிப்பு இல்லை. டிமென்ஷியாவின் மிகப் பரவலான வடிவமான அல்சைமர் நோய், மூளையில் புதிய நினைவுகளைப் பதியவைக்கும் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியை ஆரம்பத்திலேயே தாக்குகிறது. பழைய நினைவுகள் மூளையில் பரவலாகப் பதிந்து, பல வருடங்களாக உறுதிப்பட்டவை. அதனால் அவை நீண்ட நாள் தங்குகின்றன. காலையில் சாப்பிட்டது மறந்துபோகவில்லை. அது பதியவே இல்லை. "சோறு போடல" என்று அவர் சொல்வது பொய் அல்ல. அவருக்குத் தெரிந்த உண்மை அதுதான்.

"வீட்டுக்குப் போகணும்" என்பதும் அப்படியே. மூளையில் சமீபத்திய 40, 50 வருடங்கள் மங்கும்போது, அவர் சிறுவயதில் இருந்த வீடுதான் அவருக்கு வீடு. இந்த வீடு அந்நியர் வீடு. இரவில், இருட்டில், தெரியாத ஒரு வீட்டில் முழித்துக்கொண்டால் யாருக்கும் பயம் வரும். அவர் கேட்பது முகவரியை அல்ல, பத்திரமாக இருக்கிறோம் என்ற உணர்வை.

அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் நடந்து 2014-ல் வெளியான ஓர் ஆய்வு இங்கே முக்கியமானது. அல்சைமர் நோயாளிகளுக்குச் சோகமான திரைக்காட்சிகளையும் சந்தோஷமான திரைக்காட்சிகளையும் காட்டினார்கள். கொஞ்ச நேரத்தில் பார்த்தது பெரும்பாலும் மறந்துபோனது. ஆனால், அந்தக் காட்சிகள் ஏற்படுத்திய சோகமும் சந்தோஷமும் மறைந்துவிடவில்லை. நினைவு போன பிறகும் உணர்வு தங்கியிருந்தது.

இதைப் படித்ததும் அந்த மருமகளைப் போன்ற ஒருவருக்கு, 'அப்போ நான் கத்தியதும் அவங்களுக்குள்ள இருக்குமா?' என்ற பயம் வரலாம். கொஞ்ச நேரம் இருக்கத்தான் செய்யும். ஆனால், இதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். காலையில் தலைவாரி விட்டு, கையைப் பிடித்துக்கொண்டு பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தால், அதுவும் இருக்கும். யார் தலைவாரினார்கள் என்பது மறந்துபோகலாம், மனசுக்குள் வந்த இதம் சட்டென்று போய்விடாது. அதனால் ஓர் இரவின் கோபத்தோடு எதுவும் முடிந்துவிடுவதில்லை.

யாரிடமும் சொல்லாத உணர்வுகள்

பராமரிப்பவருக்குள் ஓடுவது கோபம் மட்டும் அல்ல. பிரித்துப் பார்த்தால் குறைந்தது நான்கு உணர்வுகள் இருக்கும்.

முதலாவது, கோபம். இதற்குப் பெரிய காரணம் எதுவும் வேண்டாம். தூக்கமின்மையே போதும். தொடர்ந்து பல இரவுகள் தூக்கம் கெட்டால், உணர்வுகளுக்குக் கடிவாளம் போடும் மூளைப் பகுதி சரியாக வேலை செய்யாது. பகலில் சிரித்துக்கொண்டே கடந்துவிடக்கூடிய அதே கேள்வி, இரவு 2 மணிக்கு வெடிகுண்டாக மாறுவது இதனால்தான். கோபம் வந்ததற்காக ஒருவர் கெட்டவர் ஆகிவிடுவதில்லை. அவர் களைத்துப்போனவர்.

இரண்டாவது, குற்ற உணர்வு. கத்தினால் குற்ற உணர்வு, ஒரு கல்யாணத்துக்குப் போய் சிரித்துப் பேசிவிட்டு வந்தால் குற்ற உணர்வு, ஆள் வைத்துப் பார்த்துக்கொண்டால் குற்ற உணர்வு. "பெத்த தாய் மாதிரி பாத்துக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள் பஸ் ஏறிவிடுவார்கள். அந்த வாக்கியம் வீட்டிலேயே தங்கிவிடும்.

மூன்றாவது, துக்கம். இது விசித்திரமான துக்கம். ஆள் எதிரில் உட்கார்ந்திருக்கிறார். ஆனால், தெரிந்த மனிதர் இல்லை. மருமகளுக்குக் கல்யாணமான புதிதில் வத்தக்குழம்பு வைக்கக் கற்றுக்கொடுத்தவர், பிரசவத்தில் இரவெல்லாம் கண்விழித்தவர், இன்று "நீ யாரு?" என்கிறார். அமெரிக்க உளவியல் அறிஞர் பாலின் பாஸ் இதை 'தெளிவற்ற இழப்பு' என்று குறிப்பிட்டார். இறந்துபோனவருக்கு அழலாம், காரியம் செய்யலாம், நாலு பேர் வந்து ஆறுதல் சொல்வார்கள். உயிரோடு இருப்பவரை இழந்ததற்கு எந்தச் சடங்கும் இல்லை. அதனால், அந்தத் துக்கம் எரிச்சலாகவும் களைப்பாகவும் வேஷம் மாற்றிக்கொண்டு வரும்.

நான்காவதை வாய்விட்டுச் சொல்லவே பயப்படுவார்கள். 'இவங்க போய்ச் சேர்ந்தா நல்லாயிருக்கும்' என்ற நினைப்பு. வந்த உடனே தன்னைத்தானே அருவருப்பாகப் பார்க்கவைக்கும் நினைப்பு இது. ஆனால், நீண்ட காலம் பராமரிப்பவர்களில் பலருக்கும் இது வந்துபோகிறது. இதன் அர்த்தம் பெரும்பாலும் 'இவர் சாக வேண்டும்' என்பதல்ல. 'இந்தக் கஷ்டம் முடிய வேண்டும், எனக்கு ஓய்வு வேண்டும்' என்பதுதான். நினைப்பு வேறு, செயல் வேறு. வந்த நினைப்பை 'வரவே கூடாது' என்று அழுத்தினால் அது இன்னும் அடிக்கடி வரும். 'சரி, இன்னிக்கு நான் அவ்வளவு களைச்சுப் போயிருக்கேன்' என்று அடையாளம் கண்டுகொண்டால், அதன் பிடி தளரும்.

உடம்பும் கணக்கு வைத்திருக்கிறது

"மனசுதானே, தாங்கிக்கலாம்" என்று சொல்கிறவர்களுக்காக ஓர் ஆய்வு. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் டிமென்ஷியா நோயாளிகளைப் பராமரிக்கும் 13 பெண்களையும், அதே வயதுள்ள வேறு 13 பெண்களையும் ஒப்பிட்டார்கள். எல்லோருடைய கையிலும் 3.5 மில்லிமீட்டர் அளவுக்கு ஒரே மாதிரியான சிறு காயம் ஏற்படுத்தி, அது ஆற எத்தனை நாளாகிறது என்று பார்த்தார்கள். பராமரிப்பவர்களுக்குக் காயம் ஆற சராசரியாக 9 நாட்கள் அதிகமாயின. 1995-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் இது வெளியானது. மன அழுத்தம் உடலின் நோய் எதிர்ப்பு வேலையையே மந்தமாக்குகிறது என்பதற்கு இன்றும் எடுத்துக்காட்டப்படும் ஆய்வு இது.

நம் வீடுகளில் இது வேறு விதமாகத் தெரியும். மாமியாரின் மாத்திரை டப்பாவில் காலை, மதியம், இரவு என்று பிரித்து வைக்கும் மருமகள், தன்னுடைய பிபி மாத்திரை தீர்ந்து இரண்டு வாரம் ஆனதைக் கவனித்திருக்க மாட்டார். மாமியாரை மாதம் தவறாமல் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போகும் மகனுக்குத் தன் சர்க்கரை அளவு தெரியாது. மாதம் ஒரு தேதியைக் குறித்துவைத்து, அன்று இரண்டு பேருக்கும் சேர்த்துப் பரிசோதனை என்று வைத்துக்கொள்வது நல்லது. தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிபி, சர்க்கரை மாத்திரைகள் வீட்டுக்கே வந்து தரப்படுகின்றன. வீட்டை விட்டு நகர முடியாதவர்களுக்கு இது உதவும்.

கோபம் தலைக்கேறும் அந்த ஒரு நிமிடம்

கோபமே வராமல் இருக்க வழி எதுவும் இல்லை. வந்த கோபம் வாய்க்கும் கைக்கும் போவதற்கு முன்னால் கொஞ்சம் இடைவெளி உண்டாக்க வழி இருக்கிறது.

முதலில், நோயாளி பத்திரமாக இருக்கிறாரா என்று பாருங்கள். கேஸ் மூடியிருக்கிறதா, கதவு பூட்டியிருக்கிறதா, கத்தி, கத்தரி கைக்கு எட்டாமல் இருக்கிறதா? இருந்தால், அங்கிருந்து நகர்ந்து பக்கத்து அறைக்கோ கொல்லைக்கோ போய்விடுங்கள். இது ஓடிப்போவது அல்ல. அடுப்பில் பால் பொங்கும்போது தீயைக் குறைப்பது மாதிரிதான்.

அங்கே நின்று, மூச்சை உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதற்கு அதிக நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு எண்ணும்வரை இழுத்து, ஆறு எண்ணும்வரை விடலாம். நீளமாக மூச்சு விடும்போது இதயத்துடிப்பு குறைகிறது. படபடப்பு அடங்கத் தொடங்குகிறது. ஏழெட்டு மூச்சு போதும்.

மூன்றாவதாக, உள்ளே என்ன ஓடுகிறது என்று ஒரு வார்த்தையில் சொல்லிப் பாருங்கள். "கோபம்." "பயம்." "அவமானமா இருக்கு." உணர்வுக்குப் பெயர் வைக்கும்போது, மூளையில் அபாய மணி அடிக்கும் அமிக்டலா என்ற பகுதியின் வேகம் குறைவதாக கலிஃபோர்னியாவில் நடந்து 2007-ல் வெளியான ஸ்கேன் ஆய்வு காட்டியது. பெயர் இல்லாத உணர்வுதான் ஆளை ஆட்டிவைக்கும்.

தலையணையைக் குத்துவது, பாத்திரத்தை ஓங்கி வைப்பது எல்லாம் கோபத்தை 'இறக்கிவிடும்' என்று ஒரு நம்பிக்கை உண்டு. ஆய்வுகள் அதற்கு நேர்மாறாகச் சொல்கின்றன. கோபப்பட்ட விஷயத்தையே நினைத்துக்கொண்டு எதையாவது அடித்தால், கோபம் குறைவதில்லை, கூடுகிறது.

வாதத்தில் ஜெயிக்க வேண்டாம்

கோபம் வரும் சந்தர்ப்பங்களையே கொஞ்சம் குறைக்கலாம். அதற்கு ஒரு பழக்கத்தை விட வேண்டும். திருத்துவது.

"உங்க அம்மா செத்து 40 வருஷமாச்சு" என்று சொன்னால், அந்த முதியவருக்கு அது புதிய செய்தி. ஒவ்வொரு முறையும் அம்மாவை அன்றுதான் இழக்கிறார். "நான் யாருன்னு சொல்லுங்க பாப்போம்" என்று வருகிறவர்களெல்லாம் பரீட்சை வைப்பதும் இப்படித்தான். தெரியாமல் முழிக்கும்போது அவருக்கு ஏற்படும் அவமானம் எரிச்சலாக மாறும். "நான்தான் அத்தை, உங்க தம்பி பொண்ணு வந்திருக்கேன்" என்று பெயரையும் உறவையும் நாமே சொல்லிவிடலாம்.

"வீட்டுக்குப் போகணும்" என்றால், "இதுதான் வீடு" என்று வாதாடுவதற்குப் பதிலாக, "வீட்டு நினைப்பு வந்திடுச்சா அத்தை? வீடு எப்படி இருக்கும்?" என்று கேட்கலாம். "சோறு போடல" என்றால், "பசிக்குதா? இருங்க, கொண்டு வரேன்" என்று நாலு வாய் மோரோ ஒரு வாழைப்பழமோ கொடுக்கலாம். பொய் சொல்லவில்லை. வார்த்தைக்குப் பதில் சொல்லாமல், அதற்குப் பின்னால் இருக்கும் உணர்வுக்குப் பதில் சொல்கிறோம்.

மாலையானால் குழப்பம் அதிகமாவது இந்த நோயில் சகஜம். பொழுது சாயும் முன்பே விளக்கைப் போட்டுவிடுவது, மதியத்துக்கு மேல் காபியைத் தவிர்ப்பது, பகல் தூக்கத்தைக் குறைத்து கொஞ்சம் நடக்கவைப்பது ஆகியவை இரவு கொஞ்சம் அமைதியாகப் போக உதவும். கழிப்பறைக்குப் போகும் வழியில் சிறு விளக்கு எரியட்டும்.

நேற்றுவரை ஓரளவு நன்றாக இருந்தவர் ஒன்றிரண்டு நாளில் திடீரென்று அதிகமாகக் குழம்பினால், அது நோய் முற்றியதாக இருக்க வேண்டியதில்லை. சிறுநீர்த் தொற்று, உடலில் நீர் குறைவது, மலச்சிக்கல், புதிதாகச் சேர்த்த மாத்திரை என்று பல காரணங்கள் இருக்கலாம். உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும். அதேபோல், வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு கோளாறு போன்றவையும் மறதியை உண்டாக்கும். அவற்றுக்குச் சிகிச்சை உண்டு. "வயசானா அப்படித்தான்" என்று பரிசோதனை செய்யாமலேயே விட்டுவிடக் கூடாது. இரவில் தூங்கவில்லை என்பதற்காக மெடிக்கல் ஷாப்பில் தூக்க மாத்திரை கேட்டு வாங்கிக் கொடுப்பதும் ஆபத்து. குழப்பம் கூடும், விழுந்து எலும்பு முறியலாம்.

"ஏதாவது உதவி வேணும்னா சொல்லு"

எல்லோரும் சொல்லும் வாக்கியம் இது. யாரும் செய்யாத வாக்கியமும் இதுதான். உதவி கேட்பதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. "நீங்க யாரும் கண்டுக்கறதே இல்ல" என்றால் சண்டைதான் வரும். "ஞாயித்துக்கிழமை மத்தியானம் 3 மணிலேருந்து 7 மணி வரைக்கும் நீங்க அம்மாகூட இருங்க. நான் கோயிலுக்குப் போயிட்டு வரேன்" என்றால், ஒன்று ஆமாம் என்பார்கள், இல்லை முடியாது என்பார்கள். மழுப்ப முடியாது.

உட்கார்ந்து ஒரு காகிதத்தில் வேலைகளை எழுதிவிடுங்கள். குளிக்கவைப்பது, துணி மாற்றுவது, மருந்து வாங்குவது, ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போவது, இரவில் கண்விழிப்பது, டயபர் செலவு. எழுதிப் பார்த்தால்தான் 20 வேலைகளில் 18 ஒரே ஆள் தலையில் இருப்பது கணவர் கண்ணுக்கே தெரியும். வெளியூரில் இருக்கும் மகன் டயபருக்கும் மருந்துக்கும் மாதாமாதம் பணம் அனுப்பலாம். பகலில் உதவிக்கு ஓர் ஆள் வைக்கும் செலவை நாத்தனார் பகிர்ந்துகொள்ளலாம். வருடத்துக்கு இரண்டு முறை பத்து நாட்கள் அம்மாவைத் தன்னோடு வைத்துக்கொள்ள முடியாவிட்டால், தானே வந்து தங்கலாம். அந்தப் பத்து நாளில், "எனக்குச் சோறே போடல" என்ற வார்த்தையை அவரும் கேட்பார். அதற்குப் பிறகு அந்தப் பார்வை மாறும்.

வாரத்தில் இரண்டு இரவாவது முறை மாற்றிக்கொள்வது மிக முக்கியம். "அவருக்குக் காலையில வேலைக்குப் போகணும்" என்பார்கள். மருமகளுக்கும் காலையில் வேலை இருக்கிறது. அது வீட்டுக்குள் இருக்கிறது, அவ்வளவுதான்.

குடும்பம் கைகொடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கும் சான்று உண்டு. நியூயார்க்கில் அல்சைமர் நோயாளிகளின் கணவர் அல்லது மனைவியாக இருந்த 406 பராமரிப்பாளர்களிடம் நடத்தப்பட்ட ஆய்வு அது. ஒரு பாதிப் பேருக்குக் கூடுதலாக, தனியாகவும் குடும்பத்தினரையும் சேர்த்து உட்காரவைத்தும் மொத்தம் ஆறு முறை ஆலோசனை தரப்பட்டது. ஆதரவுக் குழுவில் சேர்த்துவிடப்பட்டார்கள், தேவைப்படும்போது தொலைபேசியிலும் பேச முடிந்தது. அந்தக் குடும்பங்களில், நோயாளியை முதியோர் இல்லத்தில் சேர்க்க வேண்டிய நிலை சுமார் ஒன்றரை வருடம் தள்ளிப்போனது. நோய்க்குப் புது மருந்து எதுவும் கொடுக்கவில்லை. பார்த்துக்கொள்பவருக்குத் தோள் கொடுத்தார்கள்.

வீட்டில் குழந்தைகள் இருந்தால் அவர்களிடமும் சொல்லிவிட வேண்டும். "பாட்டிக்கு மூளைல ஒரு நோய். உன்மேல கோபம் இல்ல. பேர் மறந்தாலும் பாசம் போகல." இந்த மூன்று வாக்கியங்கள் புரிந்தால், பாட்டியோடு சேர்ந்து மொச்சை உரிக்கவும் பழைய போட்டோ ஆல்பம் புரட்டவும் குழந்தைகள் முன்வருவார்கள். அந்த அரை மணி நேரம் அம்மாவுக்கு ஓய்வு.

தனக்கென 15 நிமிடம்

தியானம், யோகா, வெளியூர் பயணம் என்றெல்லாம் பட்டியல் போட்டால், பராமரிப்பவருக்குச் சிரிப்புதான் வரும். குளிக்கவே நேரம் இல்லாதவருக்கு அவை இன்னொரு வேலை. நடக்கிற காரியமாக ஒன்று சொல்லலாம். ஒரு பழைய நோட்டு, ஒரு பேனா. தூங்கும் முன் 15 நிமிடம், அன்று மனதை அழுத்தியதை அப்படியே எழுதுவது. எழுத்துப்பிழை பார்க்க வேண்டாம். யாருக்கும் காட்ட வேண்டாம், கிழித்தும் போட்டுவிடலாம். அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1980-களிலிருந்து ஆராய்ந்துவந்த முறை இது. தொடர்ந்து நான்கு நாட்கள் எழுதுவதே பலருக்கும் உதவுகிறது. எழுதும்போது இன்னும் அதிகமாகக் கலங்குகிறது என்றால், நிறுத்திவிட்டு யாரிடமாவது பேசுவது நல்லது.

பேசுவதற்கு இதே நிலையில் இருக்கும் இன்னொருவர் கிடைத்தால் அதைவிட ஆறுதல் இல்லை. "எங்க அப்பாவும் பர்ஸைக் காணோம்னு என்னைத்தான் திருடன்னு சொல்வாரு" என்று இன்னொருவர் சொல்லும்போது, நெஞ்சில் இருந்த கல் பாதி இறங்கிவிடும். சென்னையில் உள்ள ஸ்கார்ஃப் போன்ற மனநல அமைப்புகளும், 1992-ல் தொடங்கப்பட்ட ஏ.ஆர்.டி.எஸ்.ஐ. என்ற டிமென்ஷியா அமைப்பும் பராமரிப்பவர்களுக்கும் வழிகாட்டுகின்றன.

எப்போது உதவி தேட வேண்டும்?

கீழே இருப்பவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும் தள்ளிப்போடாதீர்கள்.

* இரண்டு வாரத்துக்கும் மேலாக எதிலும் பிடிப்பில்லாமல், காரணமில்லாமல் அழுகை வருவது

* நோயாளி தூங்கினாலும் உங்களுக்குத் தூக்கம் வராமல் இருப்பது, சாப்பாடு இறங்காமல் இருப்பது

* நோயாளியைக் கை ஓங்குவது, அடிப்பது, கட்டிப்போடுவது, வேண்டுமென்றே சாப்பாடு தராமல் விடுவது

* தூங்குவதற்கோ தாங்கிக்கொள்வதற்கோ மாத்திரையையும் மதுவையும் நாடுவது

* 'நான் இல்லாமல் போய்விட்டால் நன்றாக இருக்கும்' என்ற எண்ணமோ, 'இரண்டு பேரும் சேர்ந்து போய்விடலாம்' என்ற எண்ணமோ வருவது

கை ஓங்கியவர் வெட்கப்பட்டு மறைப்பார். மறைத்தால் அது மறுபடி நடக்கும். அன்றே யாரிடமாவது சொல்லி, ஒரு நாளாவது பொறுப்பைக் கைமாற்றுவதுதான் இரண்டு பேருக்கும் பாதுகாப்பு. கடைசியாகச் சொன்ன எண்ணம் வந்தால், தனியாக இருக்காமல் அந்த நிமிடமே வீட்டில் ஒருவரிடம் சொல்ல வேண்டும்.

மத்திய அரசின் 'டெலி மனஸ்' மனநல உதவி எண் 14416. 24 மணி நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம். முதியோர் தொடர்பான உதவிகளுக்கு 'எல்டர்லைன்' எண் 14567. மாவட்ட அரசு மருத்துவமனைகளில் உள்ள மனநலப் பிரிவிலும் ஆலோசனை கிடைக்கும். அங்கே போவதற்குப் 'பைத்தியம்' என்று அர்த்தம் இல்லை. காய்ச்சலுக்குப் போவது மாதிரிதான்.

மறுபடியும் இரவு 2 மணி

இத்தனையும் தெரிந்துகொண்ட பிறகு அந்த வீட்டில் நோய் குணமாகிவிடாது. தாழ்ப்பாள் சத்தம் மறுபடியும் கேட்கும். மஞ்சப்பையோடு அதே ஆள் நிற்பார்.

"எங்க வீட்டுக்குப் போகணும்."

மருமகள் ஒரு நீள மூச்சு விட்டுவிட்டு, கதவைத் திறந்து, மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டு வாசல் திண்ணைக்கு வரலாம்.

"உங்க வீட்டு வாசல்ல என்ன மரம் அத்தை இருந்துச்சு?"

"முருங்கை... காய்ச்சா தெருவுக்கே குடுப்பாங்க எங்க அம்மா."

"அப்படியா? எவ்ளோ பெரிய மரம்?"

அந்த மரத்தைப் பற்றிப் பத்து நிமிடம். பிறகு, "பனி பெய்யுதே, உள்ள போலாமா?" என்றால், பல நாட்கள் அவர் வந்துவிடுவார். சில நாட்கள் வர மாட்டார். அந்தச் சில நாட்களில் ஒன்றில் மருமகள் மறுபடியும் கத்திவிடவும் கூடும்.

அப்படிக் கத்திவிட்டால், காலையில் முதல் வேலையாகத் தலைவாரிவிட்டு, "ராத்திரி சத்தம் போட்டுட்டேன் அத்தை, மன்னிச்சுக்கங்க" என்று சொல்லிவிடலாம். எதற்கு மன்னிப்பு என்று மாமியாருக்குத் தெரியாது. சீப்பு தலையில் இதமாக இறங்கிக்கொண்டிருப்பது தெரியும். அன்றிரவு கண்விழிக்கும் முறை கணவருடையது என்று காகிதத்தில் எழுதி, சுவரில் ஒட்டிவிடுங்கள்.